எபிசோட் 37: ஜிஎல்-4ஆ, ஜிஎல்-5ஆ? பிக்கப், லாரி கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில் ஊத்தணும்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன எபிசோட்ல டீசல் இன்ஜின் ஆயில் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல கேட்டது இன்ஜின் பத்தியே இல்லை. "அப்பா ஊர்ல பிக்கப் வச்சிருக்கார். கியர் ஆயில் மாத்தணும்னு சொல்றார். கடையில போய் 90 ஆயில் குடுங்கன்னு கேட்டா மூணு விதமான டப்பாவை எடுத்து வைக்கிறாங்க. எதை வாங்கச் சொல்லட்டும்?" பெங்களூர்லயும் சென்னையிலயும் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கிற நம்ம ஆட்கள்தான் இப்படிக் கேட்கிறாங்க. வண்டி ஊர்ல ஓடுது, கூகுள் பண்ணிப் பார்த்து சொல்ற வேலை நமக்கு.

நான் இந்த வாரம் திருவண்ணாமலையில இருந்துதான் பதிவு பண்றேன். பின்னாடி மணிச்சத்தமோ ஹாரன் சத்தமோ கேட்டா பொறுத்துக்கோங்க. வெளியூர்க்காரங்களுக்கு இது கோயில் ஊர், கிரிவல ஊர். இங்கேயே வளர்ந்தவனுக்கு இது லோடு வண்டி ஊரும் கூட. கிருஷ்ணகிரி - திண்டிவனம் ரோடும், வேலூர்ல இருந்து விழுப்புரம் பக்கம் போற ரோடும் இங்க சந்திக்குது. ஆரணி பக்கத்து அரிசி, செங்கம் பக்கத்து மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்க ஊர்ப் பேர்), செங்கல், ஜல்லி, மாட்டுத் தீவனம் எல்லாமே இந்த வழியாத்தான் நகருது. அதுல பெரும்பகுதி ஒரே ஆள் ஓனராவும் டிரைவராவும் இருக்கிற சின்ன வண்டிகள். லோன் போட்டு வாங்கின வண்டி. வொர்க்‌ஷாப்ல ஒரு வாரம் நின்னா அந்த வாரம் வாடகை கிடையாது, ஆனா தவணை தேதி மட்டும் மாறாது. அதனால கியர் ஆயில் டப்பாவோட பின்பக்கத்துல பொடி எழுத்துல என்ன போட்டிருக்குங்கிறது அந்த வீடுகளுக்கு சின்ன விஷயம் இல்லை.

முதல்ல கியர் பாக்ஸுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். அது புரிஞ்சா டப்பா தானா புரியும்.

ரெண்டு கண்டுபிடிப்பு, ரெண்டு எதிரெதிர் ஆசை

பின்சக்கரம் ஓட்டுற ஒரு பிக்கப்லயோ லாரியிலயோ கியர் ஆயில் ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு கியர் பாக்ஸ். இன்னொண்ணு பின் ஆக்சில் நடுவுல உருண்டையா தெரியுதே, நம்ம மெக்கானிக்குகள் "கிரவுன்"னு சொல்ற டிஃபரென்ஷியல். கடையில ரெண்டுக்கும் பேர் "கியர் ஆயில்"தான். குழப்பம் ஆரம்பிக்கிறதே இந்தப் பேர்லதான்.

கிரவுனை எடுத்துக்குவோம். அதுல இருக்கிற பல் அமைப்புக்கு ஹைப்பாய்டுன்னு பேர். பினியன் கிரவுன் வீலோட நடுக்கோட்டுல சேராம கொஞ்சம் கீழே தள்ளி சேரும். இதை 1926-ல பேக்கார்ட் கார்கள்ல கொண்டு வந்தாங்க. சத்தம் குறைஞ்சது, வண்டியோட தரை உயரமும் குறைஞ்சது. ஆனா ஒரு விலை இருந்துச்சு. பல்லும் பல்லும் உருண்டு மட்டும் போகாம, அழுத்தத்தோட ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிட்டே போகும். அந்த அழுத்தத்துல சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிஞ்சுடும், இரும்பு இரும்பைத் தொடும். அதைத் தடுக்க ஆயில்ல கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ரசாயனம் சேர்ப்பாங்க. டப்பாவுல "இபி"ன்னு போட்டிருக்கே, அது எக்ஸ்ட்ரீம் பிரஷர். பல் உரசி சூடேறுற அந்த நொடியில இந்த ரசாயனம் இரும்போட சேர்ந்து மெல்லிய ஒரு படலமா மாறும். தேயுறது அந்தப் படலம், பல்லு இல்லை.

ஆக, கிரவுனுக்கு வேணும்கிறது ரெண்டு: நல்லா வழுக்கணும், ரசாயனம் வீரியமா இருக்கணும்.

இப்போ கியர் பாக்ஸ். பழைய லாரிகள்ல கியர் மாத்துறது ஒரு வித்தை. கிளட்சை மிதிச்சு நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்சிலரேட்டர் குடுத்து, மறுபடி மிதிச்சு அடுத்த கியர் போடணும். டபுள் கிளட்ச். வயசான டிரைவர்களைக் கேட்டுப் பாருங்க, அதைப் பத்திப் பேசும்போது முகத்துல ஒரு பெருமை தெரியும். அந்தத் தொல்லையைப் போக்கினதுதான் சிங்க்ரோமெஷ். 1928-ல கேடிலாக்ல வந்துச்சு. விஷயம் ரொம்ப எளிமை. ஒவ்வொரு கியருக்கும் முன்னாடி ஒரு வளையம், பெரும்பாலும் பித்தளை. கியர் லீவரைத் தள்ளும்போது அந்த வளையம் கியரோட கூம்பு மேல போய் அழுந்தும். ரெண்டோட வேகமும் சமமானதும்தான் பல் உள்ள நுழையும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுறேன். இன்ஜின் 2400 ஆர்பிஎம்ல ரெண்டாவது கியர்ல போயிட்டிருக்கு, அந்த கியரோட விகிதம் 2.4ன்னு வச்சுக்கோங்க. அப்போ வெளியே போற ஷாஃப்ட் 1000 ஆர்பிஎம். மூணாவது கியர் விகிதம் 1.5. அதே 1000-க்கு உள்ளே வர்ற ஷாஃப்ட் 1500-ல சுத்தணும். 2400-ல இருந்து 1500, அதாவது 900 ஆர்பிஎம்மை நீங்க லீவரைத் தள்ளுற அரை நொடிக்குள்ள யார் குறைக்கிறா? அந்த பித்தளை வளையம்தான். எதை வச்சுக் குறைக்குது? உராய்வை வச்சு. அது ஒரு குட்டி பிரேக். பிரேக் மேல வழுக்குற எண்ணெயை ஊத்தினா என்ன ஆகும்?

அதனால கியர் பாக்ஸோட ஆசை கிரவுனுக்கு நேர் எதிர். பல்லைக் காப்பாத்து, ஆனா வளையம் கவ்வுற இடத்துல ரொம்ப வழுக்காதே. பித்தளையை அரிக்காதே. 1926-லயும் 1928-லயும் வந்த ரெண்டு கண்டுபிடிப்பு ஒரே வண்டியில உட்கார்ந்துட்டு, ரெண்டு வேற வேற எண்ணெய் கேட்குது. நூறு வருஷம் ஆகப்போகுது, நம்ம ஊர் கவுன்ட்டர்ல ரெண்டும் இன்னும் ஒரே பேர்லதான் வித்துட்டு இருக்கு.

நம்பர் கூடினா நல்லதுன்னு யார் சொன்னது?

அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட், சுருக்கமா ஏபிஐ, கியர் ஆயிலுக்கு ஜிஎல்னு வரிசை போட்டு வச்சிருக்கு. ஜிஎல்-1, 2, 3, 6 எல்லாம் வழக்கொழிஞ்சு போச்சு. இப்போ புழக்கத்துல இருக்கிறது ஜிஎல்-4, ஜிஎல்-5, அப்புறம் சிங்க்ரோ இல்லாத பெரிய லாரி, பஸ் கியர் பாக்ஸுக்கான எம்டி-1. ஜிஎல்-5 ஹைப்பாய்டு கிரவுனுக்காக வந்தது. ஜிஎல்-4ல இருக்கிற இபி ரசாயனம், பொதுவா ஜிஎல்-5ல இருக்கிறதுல சுமார் பாதிதான்.

நாம சாஃப்ட்வேர் ஆட்கள். 4, 5ன்னு பார்த்ததும் அடுத்த வெர்ஷன்னு நினைச்சுக்குவோம். 5 வந்துட்டா 4 செய்றதெல்லாம் 5 செய்யும், கூடவே இன்னும் நல்லா செய்யும்னு. கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார்: "இது அதைவிட உசத்தி தம்பி, இருபது ரூபாதான் ஜாஸ்தி." இங்க அது அப்படி இல்லை. 5ங்கிறது 4-ஓட அப்டேட் கிடையாது. வேற வேலைக்கான வேற பொருள்.

பித்தளைக்கு என்ன ஆகும்னு புரிய லேப் எல்லாம் வேணாம், பூஜை அறைக்குப் போங்க. குத்துவிளக்கு நாள்பட கருத்துப் போகும். தீபத்துக்கு முன்னாடி புளி போட்டுத் தேய்ப்போம், பளபளன்னு வந்துடும். ஒவ்வொரு தடவையும் கருத்ததோட சேர்ந்து மேல் உலோகமும் துளி போகுது. அதனாலதான் பாட்டி காலத்து விளக்குல பூ வேலைப்பாடெல்லாம் மழுங்கி இருக்கும். கந்தகத்துக்குத் தாமிரத்து மேல ஒரு பிரியம் உண்டு. பித்தளையில பெரும்பங்கு தாமிரம்தான். வீரியமான கந்தகம் சூடான எண்ணெயில வளையத்தோட மேல்பரப்பைக் கருக்கும். அடுத்த தடவை கியர் மாத்தும்போது வளையம் உரசும், அந்தப் படலம் போகும், புதுசா பித்தளை வெளியே தெரியும், மறுபடி கருக்கும். வளையத்துல நுணுக்கமா வெட்டியிருக்கிற வரிகள் இருக்கு. இடையில இருக்கிற எண்ணெயைக் கிழிச்சு வெளியேத்துறது அதுங்கதான். அது மழுங்கிட்டா வளையம் கவ்வாது.

இங்க ஒரு நியாயமும் சொல்லணும். இன்னைக்கு வர்ற ஜிஎல்-5 எல்லாமே பித்தளையைத் தின்னுடும்னு சிலர் பயமுறுத்துறது மிகை. ரசாயனத்துல கந்தகத்தோட சீற்றத்தைக் குறைக்கிற வேலை நிறைய நடந்திருக்கு. தாமிரப் பட்டையைச் சூடான எண்ணெயில போட்டு எவ்வளவு கருக்குதுன்னு பார்க்கிற சோதனை இருக்கு, ஏஎஸ்டிஎம் டி130. 1ஏ-ன்னா கிட்டத்தட்ட பளபளப்பு அப்படியே இருக்கு, 4-ன்னா கருகிடுச்சு. ஆயில் கம்பெனியோட டேட்டா ஷீட்ல இது சில சமயம் இருக்கும். ஆனா அரிப்பு குறைஞ்சாலும் வழுக்கல் பிரச்சினை மிச்சம் இருக்கு. என்னைக் கேட்டா, ஓடுற வண்டியில முதல்ல தெரியுறது அந்த வழுக்கல்தான். கியர் சட்டுனு விழாது, "கர்ர்"னு ஒரு சத்தம் வரும்.

மாமாவோட ரெண்டாவது கியர்

எங்க மாமா ஒருத்தர் பிக்கப் ஓட்டுறார். ஒண்ணே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டி. போளூர் வழியா ஜமுனாமரத்தூருக்கு, அதாவது ஜவ்வாது மலை மேல, அரிசியும் சிமென்ட்டும் ஏத்திட்டுப் போவார். இறங்கும்போது சாமை, புளி, சீசன்ல பலாப்பழம். மலை ஏற்றத்துல ரெண்டாவது கியருக்கும் மூணாவதுக்கும் நடுவுல கை ஓயாது. போன மாசம் போன் பண்ணினார்.

"மாப்ள, காலையில ரெண்டாவது விழவே மாட்டேங்குது. கத்துது. கியர் பாக்ஸை இறக்கணும்ங்கிறாங்க."

"ஆயில் எப்ப மாத்துனீங்க மாமா?"

"மூணு வாரம் இருக்கும். கிரவுனுக்கும் கியர் பாக்ஸுக்கும் சேர்த்தே மாத்திட்டாங்க."

"எந்த ஆயில்?"

"தொண்ணூறுதான்."

"டப்பா இருக்கா?"

"இருக்கு. டீசல் ஊத்தி வச்சிருக்கேன்."

டப்பாவோட பின்பக்கத்தை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். ஜிஎல்-5. வண்டியோட ஓனர்ஸ் மேனுவல்ல கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4, கிரவுனுக்கு ஜிஎல்-5ன்னு தனித்தனியா இருந்துச்சு. வொர்க்‌ஷாப்ல ஒரே பெரிய டப்பாவைத் திறந்து ரெண்டுக்கும் ஊத்தியிருக்காங்க. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பல இடத்துல பழக்கமே அதுதான். ரெண்டு டப்பா வாங்கி ரெண்டுலயும் பாதி மிச்சம் வைக்க யாருக்கும் பிடிக்காது.

இறக்குறதுக்கு முன்னாடி ஆயிலை மட்டும் மாத்திப் பார்க்கலாம்னு சொன்னேன். கியர் பாக்ஸ் ஆயிலை ஒரு அலுமினியத் தட்டுல வடிச்சு வெயில்ல சாய்ச்சுப் பார்த்தாங்க. ட்ரெயின் பிளக்ல இருக்கிற காந்தத்துல சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருந்துச்சு. அது சாதாரணம், இரும்புத்தூள். சில்லு சில்லா வந்தாத்தான் பயப்படணும். ஆனா எண்ணெயில பொன் நிறத்துல ஜிகினா மாதிரி ஒரு மினுமினுப்பு. அது காந்தத்துல ஒட்டாது, ஏன்னா அது பித்தளை.

ஜிஎல்-4 ஊத்தி ஓட்டினதுல நாலைஞ்சு நாள்ல சத்தம் வெகுவா குறைஞ்சுது. முழுசா போகலை. அதிகாலையில முதல் ரெண்டு மூணு தடவை இன்னும் லேசா கத்துது. அந்த வளையம் ஒண்ணே முக்கால் லட்சம் கிலோமீட்டர் தேய்ஞ்ச வளையம். மூணு வாரத்து ஆயில் மேல எல்லாப் பழியையும் போட முடியாது. தேய்ஞ்ச வளையம் சரியான ஆயில்ல சமாளிச்சுட்டு இருந்துச்சு, வழுக்குற ஆயில்ல சமாளிக்க முடியாமப் போச்சு. அவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரு நாள் அதை இறக்கித்தான் ஆகணும். ஆனா அது தீப சீசன் வாடகை எல்லாம் முடிஞ்சு, கையில காசு இருக்கும்போது, மாமா பார்த்து முடிவு பண்ற நாளா இருக்கும். இதுல அவருக்குக் கிடைச்ச லாபம் அதுதான்.

தீப சீசன்னு சொன்னதால ஒரு விஷயம். ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்ட் போட்டு, கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் மனுஷத் தலையா இருக்கிற நாட்கள்ல, அன்னதானத்துக்கு அரிசி, தண்ணி ஏத்துற வண்டிகள் சுத்துப்பக்க ரோட்டுல ஊர்ந்துதான் போகும். ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுலதான் விகித வித்தியாசம் அதிகம், அதனால பொதுவா முதல்ல சாகுறது ரெண்டாவது கியரோட வளையம்.

கத்துற எல்லாத்துக்கும் ஆயிலே காரணம்னும் நினைச்சுடாதீங்க. எல்லா கியரும் கத்தினா கிளட்ச் முழுசா விடுபடலைன்னு அர்த்தம், முதல்ல அதைப் பாருங்க. ஒரே ஒரு கியர் மட்டும் கத்தினா சிங்க்ரோ. ரிவர்ஸ் கத்தினா நிறைய வண்டியில அதுக்கு சிங்க்ரோவே கிடையாது. கிளட்சை மிதிச்சு ஒரு ரெண்டு நொடி பொறுத்துப் போட்டா போதும்.

90, 140, அந்த டபிள்யூ

ஜிஎல் ரசாயனம். 90, 140ங்கிறது கெட்டித்தன்மை. ரெண்டும் வேற வேற கேள்வி. "90"ன்னு மட்டும் கேட்டு வாங்குறது, கடையில போய் "42 சைஸ் குடுங்க"ன்னு கேட்கிற மாதிரி. சட்டையா பேன்ட்டான்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லை.

இன்ஜின் ஆயில் 40, கியர் ஆயில் 90, அப்போ கியர் ஆயில் ரெண்டு மடங்கு கெட்டின்னு நினைப்பாங்க. கிடையாது. ரெண்டும் வேற வேற அளவுகோல். எஸ்ஏஇ 90 கியர் ஆயில் 100 டிகிரியில 13.5-ல இருந்து 18.5 சென்டிஸ்டோக் வரைக்கும். இன்ஜின் ஆயில் 40-ம் 50-ம் சேர்ந்து கிட்டத்தட்ட அதே இடத்துலதான் இருக்கு. இதுதெரிஞ்சா, சில பெரிய அமெரிக்க லாரி கியர் பாக்ஸ்கள், உதாரணமா ஈட்டன் ஃபுல்லர், எஸ்ஏஇ 50 சிந்தெடிக் ஆயில் கேட்கிறது ஏன்னு புரியும்.

80டபிள்யூ-90ல அந்த டபிள்யூ வின்ட்டர். குளிர்ல எவ்வளவு இளகி இருக்குங்கிறது. 75டபிள்யூவை மைனஸ் 40 டிகிரியிலயும், 80டபிள்யூவை மைனஸ் 26லயும், 85டபிள்யூவை மைனஸ் 12லயும் சோதிப்பாங்க. திருவண்ணாமலை மார்கழிக்கு இதெல்லாம் பெரிய கவலை இல்லை. நாமக்கல் பக்கத்து லாரி ஜனவரியில காஷ்மீர் போய் ஆப்பிள் லோடு ஏத்துதுன்னா அது வேற கதை. அங்க வெறும் 90-ஐ விட 80டபிள்யூ-90 நிம்மதி.

நம்ம ஊர்ல அடிக்கடி கேட்கிற யோசனை வேற: "சத்தம் வருதா? 140 ஊத்து." கெட்டியான எண்ணெய் சத்தத்தை மூடும், உண்மைதான். ஆனா சத்தத்துக்குக் காரணமான பேரிங் அப்படியேதான் இருக்கும், நமக்குக் காது மட்டும் மூடிப் போகும். 90 ஆயில் 40 டிகிரியில சுமார் 190 சென்டிஸ்டோக்னா, 140 ஆயில் அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல. காலையில வண்டி எடுக்கும்போது அந்த வளையம் இவ்வளவு கெட்டியான எண்ணெயை ஒதுக்கிட்டு கூம்பைப் போய் பிடிக்கணும். கியர் விழாம நாம லீவரை இழுத்து அடிப்போம், வளையம் இன்னும் சீக்கிரம் போகும். மேனுவல்ல 140 கேட்டிருந்தா ஊத்துங்க. மூடி மறைக்கிறதுக்காக ஊத்தாதீங்க.

அப்போ ஜிஎல்-4னு கண்ணை மூடிட்டு வாங்கிடலாமா?

கூடாது. நான் இவ்வளவு நேரம் சொன்னது பித்தளை சிங்க்ரோ இருக்கிற கியர் பாக்ஸுக்கு. எல்லா சிங்க்ரோவும் பித்தளை கிடையாது. மாலிப்டினம் பூசினது, கார்பன் ஒட்டினது எல்லாம் இருக்கு. எந்த வளையத்துக்கு எந்த எண்ணெய்னு சோதிச்சுப் பார்த்தவங்க வண்டி கம்பெனிக்காரங்கதான். அமெரிக்காவுல மூணு உதாரணம் பாருங்க. டாட்ஜ் ராம்ல வந்த என்வி4500 கியர் பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 சிந்தெடிக். ஃபோர்டு எஃப்-150ல வந்த எம்5ஆர்2 மேனுவல் கியர் பாக்ஸுக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஊத்துற அந்த சிவப்பு எண்ணெய். ஈட்டன் ஃபுல்லருக்கு நான் சொன்ன எஸ்ஏஇ 50. மூணுமே மேனுவல், மூணுமே டிரக். ஒண்ணோடதை இன்னொண்ணுல மாத்தி ஊத்த முடியாது. இங்கேயும் இப்போ வர்ற நிறைய கார்கள் 75டபிள்யூ-80 மாதிரி மெல்லிய எண்ணெய் கேட்குது. அதுல பழக்கதோஷத்துல 90 ஊத்துறவங்க உண்டு.

பெரிய லாரிகள்ல ஜிஎல் மட்டும் போதாது. அசோக் லேலண்ட் மாதிரி வண்டிகள்ல ஜெர்மனியோட இசட்எஃப் வடிவமைச்ச கியர் பாக்ஸ்கள் வருது. இசட்எஃப் தனக்குன்னு ஒரு பட்டியல் வச்சிருக்கு. லாரி, பஸ் மேனுவல் கியர் பாக்ஸுக்கு டிஇ-எம்எல் 02. அந்த எண் டப்பாவுல இருக்கான்னு பார்க்கணும். இந்த மாதிரி ஒப்புதல் எண்களோட, "கியர் பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் ரெண்டுக்குமே"ன்னு வர்ற நல்ல சிந்தெடிக் ஆயில்களும் இருக்கு. விலை அதிகம், ஆனா நம்பலாம். ஒப்புதல் எண் எதுவும் இல்லாம "ஜிஎல்-4 / ஜிஎல்-5"ன்னு ரெண்டையும் சும்மா போட்டிருந்தா, நான் அதை கிரவுனுக்கு மட்டும் வச்சுக்குவேன்.

பேரல்ல இருந்து அளந்து குடுக்கிற லூஸ் ஆயிலைப் பத்தி ஒரே வரி: அதுக்கு பின்பக்கமே கிடையாது. நீங்க எதைப் படிப்பீங்க?

மேனுவல் தொலைஞ்சு போச்சுன்னா வண்டி மாடல், வருஷம், கியர் பாக்ஸ் மேல இருக்கிற தகட்டு எண் மூணையும் போட்டோ எடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. ஒரே பேர் உள்ள பிக்கப்புக்கு வருஷத்துக்கு வருஷம் வேற கியர் பாக்ஸ் வந்திருக்கலாம். அதனால பக்கத்து வீட்டு வண்டிக்கு ஊத்தினதுங்கிறது பதில் ஆகாது.

எவ்வளவு, எப்படி

பெரும்பாலான பிக்கப் கியர் பாக்ஸ்ல ஆயில் பம்ப் கிடையாது. கீழே சுத்துற பல் எண்ணெயில முங்கி மேலே தெளிக்கும், அவ்வளவுதான். அதனால அளவு முக்கியம். குறைஞ்சா மலை ஏற்றத்துல வண்டி சாயும்போது ஒரு பக்கத்து பேரிங்குக்கு எண்ணெய் எட்டாது. கூடினா நுரை கட்டும், நுரை காப்பாத்தாது. இன்புட் ஷாஃப்ட் சீல் வழியா கசிஞ்சு கிளட்ச் பிளேட்ல பட்டா அது தனிச் செலவு. பக்கவாட்டுல இருக்கிற ஃபில்லர் ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும், லேசா வழிய ஆரம்பிக்கிற வரைக்கும், பெரும்பாலான வண்டியில அதுதான் சரியான அளவு. வண்டி சமதளத்துல நிக்கணும். முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கில தூக்கிட்டு அளந்தா அந்த அளவு பொய்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னும் கேட்டிருந்தீங்க. மேனுவல்ல இருக்கிற எண்ணைப் பாருங்க, ஆனா அதுக்குப் பக்கத்துலயே கடினமான உபயோகம்னு இன்னொரு சின்ன எண் இருக்கும். மலை ரோடு, முழு லோடு, மே மாச 40 டிகிரி வெயில், இதெல்லாம் அந்தக் கணக்குலதான் வரும். சூடு 10 டிகிரி ஏறினா எண்ணெய் கெடுற வேகம் சுமார் ரெண்டு மடங்காகும்னு ஒரு பொதுக்கணக்கு உண்டு. மாமா வண்டி மாதிரி ஆளுங்க பெரிய எண்ணைப் பார்த்துட்டு இருக்கக் கூடாது.

கடைசியா ஒண்ணு, வீட்லயே மாத்துறவங்களுக்கு. அடியில இருக்கிற ட்ரெயின் பிளக்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிற ஃபில்லர் பிளக்கைத் திறந்து பாருங்க. பல வருஷம் திறக்காத பிளக் துருப்பிடிச்சு வழுக்கிடும், தலை மழுங்கிடும். எண்ணெய் முழுக்க வடிச்சுட்டு, ஊத்துற ஓட்டை திறக்கலைன்னா, வண்டியை வொர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போகக்கூட முடியாது. ஃபில்லர் திறந்துச்சா, அப்புறம் கீழே கை வைங்க. வடிச்ச எண்ணெயைச் சாக்கடையிலயோ ஏரிக்கரையிலயோ ஊத்தாம ஒரு கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் எடுக்கிறவங்ககிட்ட குடுத்துடுங்க.

உங்க வண்டியோட டப்பா பின்பக்க போட்டோவும், மேனுவல்ல அந்தப் பக்கத்து போட்டோவும் சேர்த்து அனுப்புங்க. ரெண்டுல ஒண்ணு மட்டும் வந்தா என்னால எதுவும் சொல்ல முடியாது. அடுத்த வாரம் பிரேக் ஆயில், டாட் 3, டாட் 4. பார்க்கலாம் மக்களே.